மிதி, பிடி, விடு

மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் முடிச்சூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார். "உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத அனுபவம் ஏதாச்சும் எழுதுங்கண்ணா. கடைசில நம்ம பசங்களுக்கு ஒரு மெசேஜ் மட்டும் வச்சிருங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வழியனுப்ப வாசல் வரை போனேன். அவர் தன் புதுக் காரைக் கிளப்பியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பிரேக் ஆயில் குறைந்துவிட்டது என்று வண்டியே வாய்விட்டுச் சொல்லும் விளக்கு. இது என்னப்பா என்று கேட்டேன். "அது ரொம்ப நாளா எரியுதுண்ணா. சென்சார் பேஜார்" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் சங்கத்தின் செயலாளர் ரிவர்ஸ் எடுத்தார்.

ஆகவே மெசேஜ் கிடைத்துவிட்டது. இந்தக் கட்டுரை பிரேக் ஆயிலைப் பற்றியது. உழைப்பு, தியாகம், முன்னேற்றம் ஆகியவற்றை எதிர்பார்ப்பவர்கள் மலரின் மற்ற பக்கங்களைப் புரட்டலாம். அங்கே விளம்பரம் கொடுத்திருப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் முன்னேறியிருப்பார்கள்.

நான் தொழில் கற்ற கதை சின்னது. எட்டாம் வகுப்பில் கணக்குக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அப்பா என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் ஜி.எஸ்.டி. ரோட்டில், சானடோரியத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். சில வருஷம் ஸ்பானர் துடைத்தேன், சில வருஷம் கிரீஸ் அடித்தேன், எல்லா வருஷமும் திட்டு வாங்கினேன். அறுபதுகளின் கடைசியில் என்னை பிரேக் வேலைக்குப் போட்டார்கள்.

அன்றைக்கு பிரேக் வேலை என்றால் ஒர்க்‌ஷாப்பில் தனி மரியாதை. இன்ஜின் மெக்கானிக் தப்பு செய்தால் வண்டி போகாது. பிரேக் மெக்கானிக் தப்பு செய்தால் வண்டி போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் எங்கள் ஃபோர்மேன் டேனியல் சார் இன்ஜின்காரர்களை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டு எங்கள் தலைமாட்டிலேயே நின்றுகொண்டிருப்பார்.

டேனியல் சார் ஒல்லியான ஆள். ஒர்க்‌ஷாப்புக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார், சாயங்காலம் அதே வெள்ளையோடு திரும்பிப் போவார். அது எப்படி என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துவார். மற்ற ஆறு நாள் எங்களை நடத்துவார். இரண்டுக்கும் அவர் பெரிய வித்தியாசம் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கத்த மாட்டார். குரல் இறங்கும். கூடவே நம் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' வந்து ஒட்டிக்கொள்ளும்.

பிரேக் ஆயில் விஷயத்தில் அவருக்கு இருந்த ஆசாரம் எந்த மடத்திலும் கிடையாது. டின்னைத் திறந்தால் ஊற்றிய கையோடு மூட வேண்டும். வண்டியிலிருந்து இறக்கிய பழைய ஆயில் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மறுபடி உள்ளே போகக் கூடாது. இன்ஜின் ஆயில் பட்ட புனல் அந்தப் பக்கமே வரக் கூடாது. ஒருமுறை ஒரு புண்ணியவான், ஆயில் என்றால் எல்லாம் ஆயில்தானே என்று வீட்டிலேயே இன்ஜின் ஆயிலை எடுத்து பிரேக்கில் ஊற்றிக்கொண்டு வந்தார். உள்ளே இருந்த ரப்பர் கப்புகள் ரசத்தில் ஊறிய வடை மாதிரி உப்பிக் கிடந்தன. டேனியல் சார் ஒரு கப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, "சாப்பிடுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

ஆயில் மாற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிப்பார். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, அங்கிருக்கும் சின்ன நிப்பிளில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையை ஆயில் ஊற்றிய கண்ணாடி பாட்டிலில் முக்கி வைப்பார். டேனியல் சார் நடுவில் நின்று தாளம் போடுவார். "மிதி" என்றால் மிதிக்க வேண்டும். "பிடி" என்றால் மிதித்த காலை எடுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் கீழே இருப்பவர் நிப்பிளைத் தளர்த்துவார், பழைய ஆயிலும் காற்றும் பாட்டிலுக்குள் முட்டை விட்டுக்கொண்டு வரும். மறுபடி இறுக்கிய பிறகுதான் "விடு". இடது பின் சக்கரத்தில் தொடங்கி டிரைவருக்குப் பக்கத்துச் சக்கரத்தில் முடியும். ஒரு முட்டை வந்தாலும் மறுபடி முதலிலிருந்து. நாலு சக்கரம் முடிவதற்குள் மிதித்தவனுக்குக் கால் மரத்துப் போகும். டேனியல் சாருக்கு ஒரு கீர்த்தனை பாடி முடித்த களை முகத்தில் வரும்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். நாம் பார்த்து அனுப்பிய வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்தால் நம் டூல் பாக்ஸ் மூடியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். மூன்று கோடு விழுந்தால் வாட்டர் சர்வீஸ். அதாவது ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, துலுக்காணத்தோடு சேர்ந்து வண்டி கழுவ வேண்டும். துலுக்காணம் நல்ல மனுஷன். யாருக்காவது இரண்டாவது கோடு விழுந்தால் அவருக்கு என்று ஒரு பக்கெட்டைத் தனியாகத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பான்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் சேலையூர் ஏழுமலை தன் அம்பாசடரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

கேம்ப் ரோடு ஓரம் அவருக்கு நெல் வயல் இருந்தது. வாத்தியார்களும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் மனை வாங்க வந்தபோது வயலை விற்றார். வயல் போன பிறகு மாட்டுக்கு என்ன வேலை என்று தன் ஜோடி மாட்டைச் செங்கல் வண்டி முனுசாமிக்கு விற்றார். மாடு போன பிறகு கொட்டகை காலியாக இருக்கிறதே என்று ஒரு பழைய அம்பாசடர் வாங்கி அதில் நிறுத்தினார். ஓட்டுவதைத் தானே கற்றுக்கொண்டார். வண்டியைக் கிளப்பும்போது நாக்கால் ஒரு சொடுக்கு, நிறுத்தும்போது "ஹோ, ஹோ". முன் பம்பரின் இரண்டு முனையிலும் மாட்டுப் பொங்கலுக்கு அடித்த சிவப்பும் நீலமும் வருஷம் முழுக்க இருக்கும்.

முதல் தடவை வந்தபோது பெடல் அமுங்கிக்கொண்டே போனது. நாலு சக்கரத்துக்கும் கப் மாற்றி, புது ஆயில் விட்டு, டேனியல் சாரின் தாளத்துக்கு மிதித்து முடித்துக் கொடுத்தேன். ஏழுமலை ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டி ஒரு பிரேக் அடித்தார். தோளில் கிடந்த துண்டு பறந்துபோய் முன் கண்ணாடியில் ஒட்டியது. இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் பேர் இன்னா?"

"லிங்கம்ங்க."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

இல்லை என்றேன். "என் தம்பி பொண்ணு கஸ்தூரி கீறா. வண்டிய நிறுத்தத் தெரிஞ்சவன் குடும்பத்தையும் நிறுத்துவான்" என்றார். ஜாதகத்தை எல்லாம் அப்புறம்தான் பார்த்தார்கள்.

பெண் பார்க்கப் போனபோது கஸ்தூரி காபி கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் தூணோரம் நின்றாள். "நீங்க பிரேக் போட்டா பெரியப்பா வண்டி நிக்குதாமே" என்றாள். நிற்கும் என்றேன். "எத்தினி நாளைக்கு?" என்றாள். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வேண்டும் என்று தோன்றியது. இந்தப் பெண்தான் வேண்டும் என்று அந்த நிமிஷமே தோன்றியது.

அவள் கேள்விக்குப் பதில் சொல்வது மாதிரி, அடுத்த மாதம் வண்டி திரும்பி வந்தது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. ஆயிலைத் திறந்தால் அரிசி களைந்த தண்ணீர் நிறம். சிலிண்டருக்குள் துரு. எல்லாவற்றையும் மறுபடி மாற்றினேன். டூல் பாக்ஸில் முதல் கோடு விழுந்தது.

சில வாரம் கழித்து மறுபடியும் வந்தது. அதே பஞ்சு, அதே கழுநீர். "நான் கொழந்த மாதிரி பாத்துக்கறேன் மாப்ள" என்றார் ஏழுமலை, குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல். அதுதான் இன்னும் வலித்தது.

டேனியல் சார் ஒரு ஸ்பூனில் வண்டி ஆயிலையும் இன்னொரு ஸ்பூனில் டின்னில் இருந்த புது ஆயிலையும் எடுத்துக்கொண்டு டீ போடும் ஸ்டவ்வுக்குப் போனார். புது ஆயில் சூடு ஏறியும் அமைதியாக இருந்தது. வண்டி ஆயில் உலை மாதிரிக் கொதித்துக் கொப்பளித்தது.

"தண்ணி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "டின்னை மழையில திறந்து வச்சீங்களா, மிஸ்டர் லிங்கம்?"

இல்லை என்று சத்தியம் செய்தேன். சத்தியத்தை எல்லாம் ஸ்டவ்வில் காய்ச்சிப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு இரண்டாவது கோட்டைப் போட்டார். அப்புறம் கொஞ்சம் மனமிரங்கி, "நம்மகிட்ட தண்ணி இல்லைன்னா அவர் வீட்லதான் தண்ணி. மூணாவது தடவை வண்டி திரும்பி வர்றதுக்கு முன்னாடி நீ அங்க போய்ப் பாரு. ஆனா ஒண்ணு. கண்டுபிடிச்சதை நான் சொன்னா நமக்கு கஸ்டமர் போவார். நீ சொன்னா உனக்குப் பொண்ணு போகும். யோசிச்சு வாயத் திற" என்றார். சாயங்காலம் வீட்டுக்குப் புறப்படும்போது பார்த்தேன். துலுக்காணம் ஒரு பக்கெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

யோசித்தேன். யோசித்துக்கொண்டே வாரங்களை ஓட்டினேன். போய்க் கேட்டால் பெண் வீட்டில் மூக்கை நுழைத்த மாதிரி ஆகும். கேட்காவிட்டால் பிரேக் மெக்கானிக் என்று நிச்சயம் செய்த மாப்பிள்ளை வண்டி கழுவப் போவான். அப்போதும் பெண் போகும். இந்த மதில்மேல் பூனை வாழ்க்கை இன்னும் நீண்டிருக்கும். ஆனால் ஒரு வியாழக்கிழமை கஸ்தூரியின் அப்பா எதிரில் வந்து, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வண்டியிலேயே எல்லாரும் திருப்பதி போகிறோம், கஸ்தூரியும் வருகிறாள், குழந்தைகளுக்கு மொட்டை அடிக்கிறோம் என்றார்.

திருப்பதி என்றால் மலை. ஏறும்போது பிரச்சினை இல்லை. இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்க வேண்டும், சக்கரம் சூடாகும், அந்தச் சூடு ஆயிலுக்கு ஏறும். ஆயிலில் தண்ணீர் இருந்தால் ஆவியாகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. டேனியல் சாரின் ஸ்பூன் கொப்பளித்தது என் கண்ணுக்குள்ளேயே நின்றது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் ஒர்க்‌ஷாப்புக்குப் போகாமல் சைக்கிளை சேலையூருக்கு மிதித்தேன். வீட்டில் வண்டி இல்லை. "அவர் குளிப்பாட்டப் போயிருக்காரே" என்றார் அவர் மனைவி. எதை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமலே ஏரிக்கரைக்குப் போனேன்.

ஏரிக்குள் அம்பாசடர் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் கதவின் அடி வரை ஏறியிருந்தது. ஏழுமலை கோவணத்தோடு முழங்காலளவு தண்ணீரில் நின்று, வைக்கோல் பிரியைச் சுருட்டி வண்டியின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். நுகத்தடியை இறக்கிய மாதிரி, மூச்சு விடட்டும் என்று. மாட்டை ஏரிக்கு ஓட்டி வந்து குளிப்பாட்டும் வெள்ளிக்கிழமை வழக்கத்தை, மாடு போன பிறகும் அவர் விடவில்லை.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த வண்டிக்கு பிரேக் ஆயில் தொட்டி டிரைவர் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் இருக்கும். அதன் மூடியில் காற்று போக ஒரு பொடி ஓட்டை உண்டு. ஓடி வந்த சூட்டோடு வண்டியைத் தண்ணீரில் இறக்கினால், உள்ளே சூடு தணியத் தணியத் தொட்டி ஓட்டை வழியாக ஏரியை உறிஞ்சும். வெள்ளிக்கு வெள்ளி உறிஞ்சியிருக்கிறது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். "மாமா, பிரேக்குக்குள்ள தண்ணி போகுது."

"மூடி போட்டு கீதே மாப்ள."

"மூடியில காத்துக்கு ஓட்டை இருக்கு மாமா. வண்டி சூடா வருது இல்ல, தண்ணில எறக்கினதும் உள்ள இழுத்துக்குது."

"தாகம் எடுத்தா குடிக்கட்டுமே" என்று தேய்ப்பதைத் தொடர்ந்தார்.

நான் விடவில்லை. இதனால்தான் இரண்டு தடவை கெட்டது, இந்தப் பிரேக்கோடு மலை இறங்கக் கூடாது, வண்டியை இன்றே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வாருங்கள் என்றேன். வைக்கோல் பிரி நின்றது.

"மூணு தபா வேல செஞ்சியே, அப்போ இதெல்லாம் தெரியலயா? உனக்கு வேல தெரியலன்னு சொல்லு, ஒத்துக்கறேன். ஏரி மேல பழி போடாத. எங்க அப்பன் பாட்டன் மாடு குளிச்ச ஏரி இது. குளிச்சு ஒரு மாடு கெட்டதுன்னு எவனாச்சும் சொல்லிகீறானா?"

"இது மாடு இல்ல மாமா."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் சுருங்கிப் போனது. "தெரியும்" என்றார். அப்புறம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம மலைக்குப் போயிட்டு வந்து பேசிக்கலாம். சம்பந்தம் வேணுமா வேணாமான்றதையும் அப்பவே பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியின் பின்பக்கம் தேய்க்கப் போய்விட்டார்.

சம்பந்தம் போய்விட்டது என்று நினைத்தேன். சரி, போனது போகட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பின் சீட்டில் அவள் உட்கார்ந்திருப்பாள். மடியில் மொட்டைத் தலைக் குழந்தைகள். எனக்கு முன்னால் பானெட் திறந்து கிடந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு இரண்டு கிளிப்தான். அதை நெம்பினால் உள்ளே ரோட்டர் என்று கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புத் துண்டு. அது இல்லாவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் போகாது, வண்டி இருமக்கூட இருமாது. உருவி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூடியை மாட்டிவிட்டேன். அவர் பின்பக்கம் டிக்கியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

குளித்து முடித்து, தலை துவட்டி, சீட்டில் ஏறி, நாக்கால் சொடுக்கினார். வண்டி கிளம்பவில்லை. மறுபடி சொடுக்கினார். செல்ஃப் மட்டும் சுற்றியது. நான் கரையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, முகத்தை முடிந்தவரை முட்டாளாக வைத்துக்கொண்டு நின்றேன். அதற்கு அதிகம் பிரயாசைப்பட வேண்டியிருக்கவில்லை. "ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கொண்டு போகணும் மாமா" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஏரிக்கரையில் செங்கல் வண்டி வந்தது. முனுசாமி நிலைமையைப் பார்த்துவிட்டு மாட்டை அவிழ்த்து ஏரிக்குள் ஓட்டினார். ஏழுமலை விற்ற அதே ஜோடி. வலது பக்கம் பூட்டும் வலத்தை மாடு நேராக வந்து அவர் தோளை முகர்ந்து ஒரு நக்கு நக்கியது. ஏழுமலை குனிந்து ஏரித் தண்ணீரை அள்ளி முகம் கழுவினார். இப்போதுதானே குளித்தார், எதற்குக் கழுவுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. இத்தனை வாரமும் அந்த மனுஷர் வெள்ளிக்கிழமை காலையை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்திருக்கிறார்.

பம்பரில் கயிறு கட்டி மாடுகள் வண்டியை இழுத்தன. கேம்ப் ரோடு முழுக்க வேடிக்கை. "இன்னா அண்ணே, பெட்ரோல் வெல தாங்காம வைக்கோலுக்கு மாறிட்டியா?" என்று ஒரு டீக்கடையிலிருந்து கேட்டார்கள். ஏழுமலை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாமி ஊர்வலத்தில் வருகிறவர் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தாம்பரம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. மாடுகள் நின்றன. வண்டி நிற்கவில்லை. ஏழுமலை பிரேக்கை மிதித்தார். பெடல் வழவழவென்று உள்ளே போனது. "ஹோ, ஹோ" என்றார். சிவப்பும் நீலமும் அடித்த பம்பர் வலத்தை மாட்டின் பின்பக்கத்தில் போய் மெதுவாக முட்டியது. மாடு திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு உதை விட்டது. ஹெட்லைட் நொறுங்கியது. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது மிதிக்குத்தான் வண்டி நின்றது.

ஏழுமலை பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் போனது. கேட் திறந்தது. ஒர்க்‌ஷாப் வரை பெடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டேனியல் சார் மாட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என் ஈர வேட்டியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "வாங்க சார். நீங்களே மிதிங்க" என்று ஏழுமலையை டிரைவர் சீட்டிலேயே உட்காரச் சொன்னார். நான் கீழே படுத்தேன். மிதி, பிடி, விடு. ஏழுமலை உழவு ஓட்டிய கால், பிசகாமல் தாளத்துக்கு மிதித்தது. பாட்டிலில் ஏரி இறங்கியது. டேனியல் சார் இரண்டு ஸ்பூனையும் ஸ்டவ்வில் காட்டினார். ஒன்று சும்மா இருந்தது. ஒன்று கொதித்தது.

"மலை எறங்கறப்போ சக்கரம் இந்த ஸ்டவ்வைவிடச் சூடாகும் சார்" என்றார்.

ஏழுமலை ஸ்பூன் அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "பின் சீட்டுல கொழந்தைங்கள இட்டுகினு போறதா இருந்தேன்" என்றார்.

பிரேக் முடிந்ததும் டேனியல் சார் பானெட்டைத் திறந்தார். வண்டி ஏன் கிளம்பவில்லை என்று பார்க்க வேண்டுமே. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்தவர் அப்படியே நின்றார். குரல் பாதாளத்துக்கு இறங்கியது. "ரோட்டர் எங்க, மிஸ்டர் லிங்கம்?"

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். ஒர்க்‌ஷாப்பே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஏழுமலை அடிப்பார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. திறந்து பார்த்தால் ரோட்டரைத் தன் உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"மாட்டத் திருடினவனப் பாத்துகீறேன். மூக்கணாங்கயிற மட்டும் உருவிகினு போனவன இப்போதான் பாக்கறேன்." அதை என் கையிலேயே திருப்பி வைத்தார். "மாட்டு. ஞாயித்துக்கெழம நீதான் ஓட்டற."

டேனியல் சார் என் டூல் பாக்ஸ் பக்கம் போனார். மூன்றாவது கோடு என்று நினைத்தேன். இருந்த இரண்டையும் துணியால் துடைத்தார். "இது ஏரியோட கணக்கு" என்றார். துலுக்காணம் அந்தப் பக்கெட்டை வேறு யாருக்காவது உதவும் என்று நிமிர்த்தாமலே வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் ஓட்டினேன். இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் பக்கத்து சீட்டில் ஏழுமலை தன் காலடியில் இல்லாத பெடலை அழுத்தி, "மிதி, பிடி, விடு" என்று முணுமுணுத்தபடி வந்தார். பாதி மலை இறங்கியதும் பின்னாலிருந்து கஸ்தூரி, "பெரியப்பா, உங்க பிரேக்க நீங்க விடுங்க. அவர் பிரேக்கு நல்லாத்தான் நிக்குது" என்றாள். பெண் பார்த்த அன்றைக்கு அவள் கேட்ட கேள்விக்கு அவளே பதில் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு வண்டி ஏரியில் இறங்கவில்லை. முனுசாமி வெள்ளிக்கிழமைகளில் மாட்டை ஏழுமலையிடம் விட்டுவிடுவார். மாடுகள் குளிக்கும், அம்பாசடர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

கல்யாணத்தன்று பெண் வீட்டு சீர்வரிசை வந்தது. தேங்காய், பழம், வேட்டி, வெற்றிலை. கடைசித் தட்டை ஏழுமலையே தூக்கி வந்தார். அதில் ஒரு புது டின் பிரேக் ஆயில். நாமம் போல நடுவில் குங்குமம், மூடியைச் சுற்றி மஞ்சள் துணி. ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். இதை எந்தச் சாமிக்கு வைப்பது என்று அவருக்குக் குழப்பம்.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த டேனியல் சார் எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை. டின்னை எடுத்தார், காதோரம் வைத்துக் குலுக்கினார், மஞ்சள் துணியை விலக்கி மூடியை ஒரு திருகு திருகிப் பார்த்தார். திரும்பத் தட்டில் வைத்துவிட்டு ஐயரைப் பார்த்தார்.

"தண்ணி பூந்திருக்காது. தாலி கட்டச் சொல்லுங்க" என்றார்.